வாக்கிங் போங்கன்னு சொல்லாதீங்க, டாக்டர் தம்பி

டாக்டர் தம்பி, உங்க ஆஸ்பத்திரி வாசல்ல கிடக்கிற பெஞ்சு நல்ல தேக்கு. சாய்மானம் வேற வச்சிருக்கீங்க. உட்கார்ந்தா எந்திரிக்க மனசே வரமாட்டேங்குது. ஊரையே நடக்க வைக்கணும்னு கங்கணம் கட்டியிருக்கிற டாக்டரு, வர்றவனை இப்படி உட்கார வைக்கலாமான்னு எனக்குள்ள ஒரு கேள்வி. சரி விடுங்க, அது என் இடுப்புக்கும் பெஞ்சுக்கும் உள்ள விவகாரம்.

அந்தப் பெஞ்சுல இன்னொரு லாபமும் உண்டு. உள்ள நீங்க பேசுறது பூராம் காதுல விழும். நடுவுல ஒரு பச்சைத் திரைதானே. கிழவன் ஒட்டுக் கேக்குறான்னு நினைக்காதீங்க; காது கேக்குற வரைக்கும் கேட்டுக்கிட்டாத்தான் உண்டு. சுகர்காரன் வந்தாலும், பிரஷர்காரன் வந்தாலும், மூட்டுவலிக்காரி வந்தாலும் கடைசியில நீங்க ஓதுற மந்திரம் ஒண்ணே ஒண்ணு: "வாக்கிங் போங்க." அதைச் சொல்லும்போதே உங்க கை மேசை மணியை அடிச்சிருது. எதிர்ல இருக்கிறவன் "சரிங்க சார்"னு தலையை ஆட்டிட்டு வெளிய வர்றான். வந்தவன் நேரா ஷேர் ஆட்டோவுல ஏறிக்கிடுறான். வீடு எங்கேன்னு கேக்குறீங்களா? போஸ்ட் ஆபீஸுக்கு அடுத்த சந்து.

போன வாரம் சித்தாள் வேலை பாக்குற பிள்ளை ஒண்ணு வந்துச்சு. உடம்பெல்லாம் வலி, கிறக்கம்னு சொல்லுச்சு. மாத்திரை எழுதிட்டு, பழக்க தோஷத்துல அதுக்கும் "வாக்கிங் போம்மா"ன்னுட்டீங்க. வெளிய வந்து என்கிட்ட நிக்குது: "தாத்தா, மூணு மாடிக்குச் செங்கல் சுமந்துட்டு வந்து, அதுக்கு மேல எந்நேரம் வாக்கிங் போறது?" நான் என்னத்தைச் சொல்ல! "டாக்டர் உங்க மேஸ்திரியைச் சொல்லியிருப்பாரு, உனக்குத் தப்பாக் கேட்டிருக்கும்"னு சமாளிச்சு அனுப்பினேன். அந்தப் பிள்ளைக்கு வேண்டியது வேளாவேளைக்குச் சோறு, ரெண்டு சொம்பு தண்ணி, ரத்தம் குறைவா இருக்கான்னு ஒரு சோதனை, கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுக்கிறது. நடை வேண்டிய ஆளு, நிழல்ல நாற்காலி போட்டு அதை ஏவிக்கிட்டிருக்காரு பாருங்க, அவருதான்.

நீங்க மாத்திரை குடுக்கிற அழகே தனி, தம்பி. குறை சொல்ல முடியாது. இது காலையில, இது ராத்திரி, இது சாப்பாட்டுக்கு முந்தி, இது பிந்தி, பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க. மருந்துக்கடைப் பையன் அட்டையைக் கத்திரியால வெட்டி, கவர் மேல கோடு இழுத்துக் குடுக்கிறான். மறுதடவை வந்து உட்கார்ந்ததும் உங்க முதல் கேள்வி, "மாத்திரை ஒழுங்காப் போட்டீங்களா?" நடைக்கு இதுல ஒண்ணாவது உண்டா? எவ்வளவு, எந்நேரம், வாரத்துல எத்தனை நாள், ஒண்ணும் கிடையாது. மறுதடவை விசாரிப்பும் கிடையாது. "சுகர் மாத்திரை கொஞ்சம் அப்பப்ப போட்டுக்கோங்க"ன்னு சொல்லி அனுப்புவீங்களா? நடையை நீங்க மருந்துன்னு நம்பலைங்கிறதை உங்க மணிச் சத்தத்துலயே நோயாளி கண்டுபிடிச்சிடுறான்.

மருந்துதான்னு நம்ம மெட்ராஸ்லயே நிரூபிச்சு வச்சிருக்காங்க. டாக்டர் ஏ.ராமச்சந்திரனும் அவர் கூட்டாளிகளும் செஞ்ச ஆராய்ச்சி 2006-ல வெளிவந்துச்சு. சர்க்கரை வரப்போற எல்லையில நின்னவங்க 531 பேரு. ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டுப் பத்தியமும் தினம் அரை மணி நேர நடையும். ஒரு பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. ஒரு பிரிவுக்கு ரெண்டும். இன்னொரு பிரிவுக்கு வழக்கமான புத்திமதி, அதாவது நீங்க மணியடிச்சுக்கிட்டே சொல்றது. பத்தியமும் நடையும் சர்க்கரை வர்றதை 28.5 சதவீதம் குறைச்சுச்சு. மாத்திரை 26.4. ரெண்டையும் சேர்த்தவங்களுக்கு 28.2, அதாவது சேர்த்ததால கூடுதல் லாபம் ஒண்ணுமில்ல. அமெரிக்காக்காரன் உடம்பு வேற, நம்ம உடம்பு வேறன்னு தட்டிக் கழிக்கவும் இதுல வழியில்ல.

பெருசுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு புருவத்தைத் தூக்காதீங்க. நம்ம ஊர் நூலகத்துக்கு வர்றது ரெண்டே பேரு. படிக்க வர்றது நான். பேன் காத்துக்கு வர்றவரு இன்னொருத்தரு.

அங்க படிச்சதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை லண்டன் பஸ் கதை. ஜெர்ரி மாரிஸ்னு ஒரு டாக்டர். லண்டன் மாடி பஸ்ஸுல டிரைவரு நாள் பூராம் உட்கார்ந்தே இருக்காரு, கண்டக்டரு நாள் பூராம் மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கிழிக்காரு. ரெண்டு பேருக்கும் ஒரே பஸ், ஒரே ரோடு, ஒரே புகை. யாருக்கு நெஞ்சுவலி கூட வருதுன்னு கணக்கெடுத்து 1953-ல வெளியிட்டாரு. டிரைவருக்குத்தான் கூட. அதுக்கு முன்னால, உட்கார்ந்திருக்கிறது இருதயத்துக்கு ஆகாதுன்னு இப்படிக் கணக்கு வச்சுச் சொன்னவங்க அபூர்வம். அதோட விடல மனுஷன். 1956-ல கம்பெனி தைச்சுக் குடுக்கிற யூனிபார்ம் பேன்ட்டோட இடுப்பளவையும் வாங்கிப் பார்த்தாரு. டிரைவர் பேன்ட்டுதான் பெருசு. உடனே நம்ம ஆளுக கேப்பாங்களே, "அப்ப குண்டா இருந்ததாலதான் நெஞ்சுவலி, உட்கார்ந்ததால இல்லியே"ன்னு? அதையும் அவரு விடல. ஒல்லியான கண்டக்டரையும் ஒல்லியான டிரைவரையும், தொப்பைக்காரக் கண்டக்டரையும் தொப்பைக்கார டிரைவரையும் பின்னாடி ஒப்பிட்டுப் பார்த்தாரு. அப்பவும் கண்டக்டருக்குத்தான் ஆயுசு கெட்டி. மாரிஸும் லேசுப்பட்ட ஆளில்ல, 99 வயசு வரைக்கும் இருந்து 2009-லதான் போய்ச் சேர்ந்தாரு. நல்லவேளை, அவரு நம்ம டவுன் பஸ்ஸுல ஏறல. இங்க கண்டக்டரு படிக்கட்டுப் பக்கத்து சீட்டுல அமர்ந்துகிட்டு, "டிக்கெட்டைக் கைமாத்தி விடுங்கப்பா"ங்காரு. ஆராய்ச்சியே குட்டிச்சுவராப் போயிருக்கும்.

இப்ப நீங்க என்ன செய்யணும்? "கேளுங்க"ங்கிறேன். பெரிய கேள்வி இல்ல, ரெண்டே கேள்வி. அமெரிக்காவுல கைசர் பெர்மனென்ட்டேன்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குடும்பம். அங்க 2009-ல இருந்து, பிரஷர் பாக்குற கையோட நோயாளிகிட்ட இதைக் கேட்டு எழுதிக்கிடுறாங்க: வாரத்துல எத்தனை நாள் வேகமா நடக்குறது, இல்ல அதுக்கு ஈடா உடம்பை அசைக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை நிமிஷம்? ரெண்டையும் பெருக்கினா வாரக் கணக்கு வந்துருது. டாக்டருக்கு முன்னால நர்ஸம்மாவே கேட்டு எழுதிரலாம். உலக சுகாதார நிறுவனம் 2020-ல சொன்ன அளவு, பெரியவங்களுக்கு வாரத்துக்கு 150-ல இருந்து 300 நிமிஷம் மிதமான உழைப்பு. அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வலு குடுக்கிற பயிற்சி. என்னை மாதிரி 65 தாண்டின ஆளுகளுக்கு, விழாம நிக்கப் பழகுற பயிற்சியும் வாரம் மூணு நாள். பத்து நிமிஷத்துக்குக் குறைஞ்ச நடை கணக்குல சேராதுன்னு முன்னாடி ஒரு விதி இருந்துச்சு, அதையும் எடுத்துட்டாங்க. மூணு நிமிஷம் நடந்தாலும் கணக்குதான்.

கணக்கு வந்தப்புறம் அந்த ஆளோட நாளைக் கேளுங்க. நம்ம பலசரக்குக் கடை அண்ணாச்சியையே எடுத்துக்கோங்க. காலையில ஆறு மணிக்குக் கல்லாவுல உட்கார்ந்தா ராத்திரி பத்துக்குத்தான் எந்திரிப்பாரு. அவருகிட்டப் போயி "காலையில முக்கால் மணி நேரம் வாக்கிங் போங்க"ன்னா, மனுஷன் உங்களை ஏற இறங்கப் பாக்காரு. கல்லாவை யாரு பாக்குறது, நீங்களா? ஆனா கடைக்குள்ள கவனிச்சுப் பாருங்க. துவரம் பருப்பு வேணும்னா பையனைக் கூப்பிடுறாரு. பின்னால குடோன்ல இருந்து எண்ணெய் டின் எடுக்கப் பையன். எதிர்த்த கடையில சில்லறை மாத்தப் பையன். அந்தப் பையன் ஒரு நாளைக்கு நடக்கிற நடையில பாதியை அண்ணாச்சி பேர்ல எழுதி வைங்க, போதும். "மணிக்கு ஒரு தடவை குடோனுக்கு நீங்களே போங்க. போன் வந்தா நின்னுக்கிட்டே பேசுங்க. மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் கண்ணை மூடுறதுக்கு முன்னால பஜாரை ஒரு சுத்து சுத்துங்க." சாப்பிட்டதும் நடக்கிற சின்ன நடைக்குச் சுகர் ஏறுறது மட்டுப்படும்னு உங்களுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. மறுவாரம் அவரை வச்சே குளுக்கோமீட்டர்ல பாக்கச் சொல்லுங்க. ஒருநாள் சாப்பிட்டு உட்கார்ந்து, மறுநாள் அதே சாப்பாடு சாப்பிட்டு நடந்து. வியாபாரி, தம்பி அவரு. லாபம் எழுத்துல தெரிஞ்சா விடமாட்டாரு.

எங்க மதினி கதை வேற. முட்டி வலிக்குதுன்னு வந்துச்சு. எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிக் காட்டி, "தேஞ்சுருச்சும்மா"ன்னுட்டீங்க. அன்னையில இருந்து மதினி முட்டியை மிச்சம் பிடிக்க ஆரம்பிச்சுட்டா. இருக்கிற இடத்துல காப்பி, இருக்கிற இடத்துல சோறு. வெத்தலைக்குச் சுண்ணாம்புகூட மருமக எடுத்துக் குடுக்கணும். முட்டி மிச்சமாச்சோ இல்லியோ, தொடைச் சதை கரைஞ்சு போச்சு. இப்ப சேர்ல இருந்து எந்திரிக்கவே ரெண்டு பேரு வேணும். தொடை வலுவா இருந்தாத்தான் முட்டிக்குப் பாரம் குறையும்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாற்காலியில உட்கார்ந்து ஒரு காலை நேரா நீட்டி, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சு, மெதுவா இறக்கணும். அந்தக் காலு பத்துத் தடவை, இந்தக் காலு பத்துத் தடவை. சீரியல்ல விளம்பரம் போடும்போதெல்லாம் செய்யச் சொல்லுங்க. நம்ம டிவியில ஓடுற விளம்பரத்துக்கு ஆறு மாசத்துல மதினி கபடிக்கே போயிருவா.

மதினியோட சோட்டுப் பெண்டுக எங்கிட்டு உட்கார்ந்தாலும் ஒரே புலம்பல்: "அந்தக் காலத்துல ஆட்டுனோம், இடிச்சோம், தண்ணி சுமந்தோம், நோயில்ல. இப்ப மிக்ஸி வந்துச்சு, நோய் வந்துச்சு." இந்தப் பேச்சை நீங்களும் பிடிச்சுக்கிட்டு நோயாளிக்கு ஓதாதீங்க. எங்க ஆத்தா அஞ்சு குடம் தண்ணியைக் கம்மாயில இருந்து சுமந்துச்சு. ஆரோக்கியத்துக்காகச் சுமக்கல, குழாய் இல்லாமச் சுமந்துச்சு. தெருவுக்குக் குழாய் வந்த அன்னைக்கு அம்மனுக்குப் பொங்கல் வச்சுச்சு. மிக்ஸியைத் தூக்கிப் போடுன்னு பொம்பளைகிட்டச் சொல்ற எந்த டாக்டரும், முதல்ல அவுக வீட்டு அம்மிக்கல்லுல ஒரு மாசம் மசாலா அரைச்சுட்டு வந்து பேசட்டும்.

பொம்பளைக நடக்காததுக்குக் காரணம் சோம்பேறித்தனம்னு ஒரு நினைப்பு ஊர்ல இருக்கு. ஐ.சி.எம்.ஆர். நடத்தின இன்டியாப் சர்க்கரை ஆய்வு, தமிழ்நாடு, மகாராஷ்டிரா, ஜார்க்கண்ட், சண்டிகர் நாலு இடத்துலயும் கணக்கெடுத்து 2014-ல சொன்னது: 54.4 சதவீதம் பேருக்கு உடலுழைப்பு போதாது. பொழுதுபோக்கா விளையாடுறவங்க, உடற்பயிற்சி செய்யிறவங்க பத்துல ஒருத்தர்கூடத் தேறல. ஆணும் சேர்ந்த கணக்குதான் இது. பொம்பளை எந்நேரம் நடப்பா, எங்க நடப்பா, சொல்லுங்க? காலையில அஞ்சு மணிக்கு இருட்டு. தெருமுக்குல எட்டு நாய். பைபாஸ் பக்கம் போனா பைக்குல வர்றவன் கழுத்துச் சங்கிலியை அத்துக்கிட்டுப் போறான். ஆறு மணிக்குப் பால், ஏழு மணிக்குச் சமையல், எட்டு மணிக்குத் தீப்பெட்டி ஆபீஸ் வேன். சாயங்காலம் திரும்பி வந்து நடந்தா, "வேலையத்துப் போயி ஊர் சுத்துறா"ன்னு மாமியா சொல்லுவா. இதையெல்லாம் கேக்காம "வாக்கிங் போங்க"ன்னா, அந்தப் பிள்ளை மனசுல என்ன நினைக்கும்? நீங்க வெள்ளைக்கோட்டுப் போட்ட மாமியான்னு நினைக்கும்.

வழி இல்லாம இல்ல. அதே தெருவுல சுகருக்கு உங்ககிட்ட வர்றவங்க நாலு பேரு இருப்பாங்க. சம்மதம் கேட்டு ஒருத்தரை ஒருத்தருக்குச் சேர்த்து விடுங்க. நாலு பேராப் போனா நாயும் ஒதுங்கும், மாமியா வாயும் அடைக்கும். சென்னை ஆசியாட் காலனியில சர்க்கரை டாக்டர் வி.மோகனோட ஆளுக போயி சும்மா விழிப்புணர்வுக் கூட்டம் போட்டுப் பேசினாங்க. ஜனங்க கேட்டுட்டுத் தலையாட்டிட்டுப் போகல. தங்களோட கைக்காசைப் போட்டே ஒரு பூங்கா கட்டிக்கிட்டாங்க. சில வருஷம் கழிச்சுப் போய்ப் பார்த்தா, நடக்கிறவங்க எண்ணிக்கை பல மடங்கு ஏறியிருந்துச்சு. நடக்க இடம் இருந்தா நடப்பாங்க, தம்பி. நம்ம ஊர்லயும் பள்ளிக்கூட மைதானத்தைச் சாயங்காலம் ஒரு மணி நேரம் திறந்து விடச் சொல்லி ஊர்த் தலைவருக்கு ஒரு லெட்டர் எழுதுங்க. நான் எழுதினா பெருசுக்கு வேற வேலை இல்லேம்பாங்க. நீங்க எழுதினா தலைவரே கொண்டாந்து சாவி குடுப்பாரு. அவருக்கும் பிரஷர் உங்ககிட்டதானே.

ரிடையர்டு வாத்தியார் ஒருத்தர் வருவாரே, கையில வாட்ச் கட்டிக்கிட்டு, தினம் பத்தாயிரம் அடின்னு. அந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சியில வந்த கணக்கு இல்ல. டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச சூட்டுல, 1965-ல ஒரு ஜப்பான் கம்பெனி அடி எண்ணுற கருவி விக்கிறதுக்காகப் போட்ட ரவுண்டு நம்பரு அது. அதுக்குக் கீழயே பலன் ஆரம்பிச்சிருது. வாத்தியார் ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டாயிரத்துச் சொச்சத்துல நிப்பாரு. திண்ணையில உட்கார்ந்து கையை மட்டும் ஆட்டுவாரு. பத்தாயிரம் வந்ததும் நிம்மதியாத் தூங்கப் போயிருவாரு. நடக்கிற லட்சணம் அதுக்கு மேல: நாலு கூட்டாளிகளோட அரசியல் பேசிக்கிட்டே டீக்கடை வரைக்கும். கட்சி மாறிப் பேசினா கையைப் பிடிச்சு நிறுத்திருவாங்க. டீக்கடையில ரெண்டு உளுந்த வடை, சீனி தூக்கலா ஒரு டீ. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோ. அவருகிட்ட அடிக்கணக்குப் பேசாதீங்க. "பேசுற அளவுக்கு மூச்சு இருக்கணும், பாடுற அளவுக்கு இருக்கப்படாது, அந்த வேகத்துல நடங்க"ன்னு சொல்லுங்க. பாட்டு வந்தா நடை பத்தலைன்னு அர்த்தம். வாத்தியார் பாடுறதை நிறுத்தினா தெருவுக்கும் நல்லது.

"இதெல்லாம் கேக்க எங்க நேரம், பெரியவரே?"ன்னு நீங்க பெருமூச்சு விடுறது தெரியுது. நியாயம்தான். 67 நாட்டுல டாக்டர் ஒரு நோயாளியோட எவ்வளவு நேரம் செலவழிக்காருன்னு 2017-ல திரட்டிப் போட்டிருந்தாங்க. வங்கதேசத்துல 48 விநாடி. ஸ்வீடன்ல இருபத்தி ரெண்டரை நிமிஷம். நம்ம ஊரு இதுல எந்தப் பக்கம் சாயும்னு உங்க வாசல் செருப்பை எண்ணினாலே தெரியும். அதனாலதான் சொல்றேன், பேசாதீங்க, எழுதுங்க. நம்ம சனம் ஊசி போட்டாத்தான் காய்ச்சல் இறங்கும்னு நம்புற சனம். வாயால சொன்னதுக்கு மதிப்பில்ல. சீட்டுல இருந்தாத்தான் வைத்தியம். சீட்டுல முதல் வரியில, மாத்திரைக்கு மேல, நடையை எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க. உங்க கையெழுத்துல வேணாம். மருந்துக்கடைப் பையன் அதைப் பார்த்துட்டு ஏதாவது மாத்திரையை எடுத்துக் குடுத்துருவான்.

நியூசிலாந்துல டாக்டருக இதைத்தான் பச்சைச் சீட்டுன்னு செய்யிறாங்க. 2003-ல வந்த சோதனையில, சீட்டு எழுதிக் குடுத்து, அப்புறம் மூணு மாசத்துக்கு ஒரு ஆள் போன்ல விசாரிச்சுக்கிட்டே இருந்தாரு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, ஏறக்குறைய பத்துப் பேருக்கு எழுதினதுல ஒருத்தர் கூடுதலா வாரம் ரெண்டரை மணி நேரத்தை எட்டியிருந்தாரு. பத்துக்கு ஒண்ணுதானான்னு உதட்டைப் பிதுக்காதீங்க. நீங்க தினம் எழுதுற பல மாத்திரைகளுக்கு அந்தக் கணக்குகூடத் தேறாது, உங்களுக்கே தெரியும். இங்க போன் பண்ண ஆளில்லையேன்னும் சொல்லாதீங்க. 2021-ல இருந்து மக்களைத் தேடி மருத்துவம்னு வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பாக்குற அம்மாக்க இருக்காங்க. "இந்தாம்மா, அந்த வீட்டுக்காரரு நடக்காரான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வா"ன்னா கேட்டுட்டு வருவாங்க. ஊர்ல அவங்களுக்குத் தெரியாத சங்கதியா!

அளவு குறைச்சலா ஆரம்பிங்க. 2023-ல அரசாங்கம் ஜில்லாவுக்கு ஜில்லா எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறிச்சு, "நடப்போம் நலம் பெறுவோம்"னு திட்டம் கொண்டாந்துச்சு. நல்ல காரியம். அப்ப சுகாதாரத்துறை மந்திரியா இருந்த மா.சுப்பிரமணியன் மாரத்தான் ஓடுறவரு, அவருக்கு எட்டு கிலோமீட்டர் கொட்டாவி விடுற தூரம். நம்மாளு கட்டில்ல இருந்து டிவிக்கு எட்டு எட்டு வச்சாலே மூச்சு வாங்குறவரு. அவருக்கு கிலோமீட்டர் வேணாம், கரண்டுக் கம்பம் போதும். "வீட்டு வாசல்ல இருந்து நாலாவது கம்பம் வரைக்கும் போயிட்டு வாங்க, காலையும் சாயங்காலமும். அடுத்த வாரம் அஞ்சாவது கம்பம்." கம்பத்துல நம்பர் போட்டிருக்கும், ஏமாத்த முடியாது. எழுதுறதுக்கு முந்தி ஒண்ணு கேளுங்க: "இதைச் செஞ்சிருவோம்னு உங்களுக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு நம்பிக்கை?" ஏழுக்குக் கீழ சொன்னா, கம்பத்தைக் குறைங்க. குரலை உசத்தாதீங்க.

திட்டினா நடக்க மாட்டாங்க, பொய்தான் சொல்லுவாங்க. "தினம் நடக்கேன் சார்"ங்கிறது நோயாளி டாக்டருகிட்டச் சொல்ற பொய்யிலயே ரொம்பச் சாதுவான பொய். நடக்கலைன்னு ஒருத்தன் ஒத்துக்கிட்டான்னா அவனை மெச்சிக்கோங்க. "எது தடுத்துச்சு?"ன்னு கேளுங்க. மழைன்னுவான், மச்சான் வந்தான்னுவான், செருப்பு அந்துருச்சுன்னுவான். அதுலதான் வைத்தியம் இருக்கு.

செருப்புன்னதும் ஞாபகம் வருது. நடையும் மருந்துன்னா, அதுக்கும் பக்கவிளைவு உண்டு. மந்தை வரைக்கும் நடந்தறியாத ஒருத்தரு, நீங்க நடக்கச் சொன்னீங்கன்னு பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போயிட்டாரு. பதினாலு கிலோமீட்டர், வெறுங்கால். புண்ணியமும் ஆச்சு, வாக்கிங்கும் ஆச்சுன்னு கணக்கு. பத்து வருஷச் சுகர், பாதத்துல உணர்ச்சி இல்ல. கொப்புளம் வந்தது தெரியல, உடைஞ்சது தெரியல. வீட்டுல மூக்கைப் பொத்தினப்பத்தான் தெரிஞ்சுச்சு. அதனால நடக்கச் சொல்றதுக்கு முன்னால காலைப் பாருங்க. உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்க. மெத்து ரப்பர் வச்ச எம்.சி.ஆர். செருப்பு எழுதிக் குடுங்க. இன்சுலின் போடுறவங்களுக்கும், சுகரை ரொம்ப இறக்கிவிடுற மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும், சட்டைப் பையில நாலு மிட்டாய் வச்சுக்கச் சொல்லுங்க. நடக்கும்போது நெஞ்சை அடைச்சா, தாடை இழுத்தா, அங்கேயே நின்னு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்க. கத்திரி வெயில்ல பத்து மணிக்கு மேல யாரும் நடக்க வேணாம். இதெல்லாம் சொன்னாத்தான் நடையும் வைத்தியம்தான்னு நம்புவாங்க. பக்கவிளைவே இல்லாத மருந்தை நம்ம சனம் மருந்தாவே மதிக்காது.

ஒண்ணு மட்டும் சொல்லக் கூச்சமா இருக்கு. ஆனா வயசுக்குக் கூச்சம் எதுக்கு? உங்க வீடு ஆஸ்பத்திரிக்கு நாலு தெரு தள்ளி. காருலதான் வர்றீங்க. அந்தக் காரு நம்ம சந்துல திரும்புறதுக்கு எடுத்துக்கிற நேரத்துல நான் ரெண்டு தடவை போயிட்டு வந்துருவேன். தானே உடம்பை அசைக்கிற டாக்டருதான் நோயாளிக்கும் அதைக் கூடுதலா எடுத்துச் சொல்றாருன்னு ஆராய்ச்சிகளும் சொல்லுது. வாரத்துல ரெண்டு நாள் நடந்து வாங்க. முதல் நாள் "டாக்டர் காரு ரிப்பேரா?"ம்பாங்க. ரெண்டாம் நாள் "பெட்ரோல் விலை அவரையும் விடல"ம்பாங்க. மூணாம் நாள் அண்ணாச்சி கல்லாவுல இருந்து எந்திரிச்சு வந்து கும்பிடுவாரு. எந்திரிச்சாருல்ல, அதுவே கணக்குதான்.

உங்க கம்பவுண்டர் சொன்னாரு, பழைய மருந்துச் சீட்டு இந்த மாசத்தோட தீந்துருமாம். புதுசு அடிக்கும்போது பிரஷர் எழுதுற இடத்துக்குப் பக்கத்துல ரெண்டு கட்டம் சேர்த்துருங்க: வாரத்துல எத்தனை நாள், நாளைக்கு எத்தனை நிமிஷம். பஜார் அச்சாபீஸ்காரன்கிட்ட நான் சொல்லி வச்சிருக்கேன், கட்டத்துக்குத் தனிக் காசு கேக்க மாட்டேன்னுட்டான். அவனும் உங்க நோயாளிதான், நாள் பூராம் நாற்காலியை விட்டு எந்திரிக்காத ஆளு. முதல் சீட்டை அவன் பேருக்கே எழுதுங்க.